நாயின் தோல் சிவப்பைக் கண்ணால் பார்க்காமல் அளக்க முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

ஜிம்மியோட அம்மா:

ரெண்டு வாரமா எங்க வீட்டுல ஒரே சண்டை. ஜிம்மிக்கு அக்குளும் தொடையிடுக்கும் சிவந்து கிடக்கு. மருந்து ஆரம்பிச்சுப் பத்து நாள் ஆச்சு. "நல்லாவே குறைஞ்சிருக்கு"ன்னு வீட்டுக்காரர் அடிச்சுச் சொல்றார். எனக்கு அப்படியே இருக்கிற மாதிரிதான் தெரியுது. "போன தடவைக்கு இப்போ எப்படி?"ன்னு டாக்டர் கேட்டப்போ ஆளுக்கொரு பதில் சொன்னோம். அவர் சிரிச்சுட்டு, தினமும் ஒரு போட்டோ எடுத்து வைங்கன்னார்.

எடுத்தேன். திங்கட்கிழமை படத்துல வயிறு தக்காளி மாதிரி. செவ்வாய்க்கிழமை வெளிறிப்போய் இருக்கு. ஒரே ராத்திரியில குணமாயிடுச்சேன்னு துள்ளிக் குதிச்சுட்டேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தப்பதான் உறைச்சது. திங்கள் எடுத்தது மஞ்சள் பல்பு வெளிச்சத்துல. செவ்வாய் அவனைப் படுக்க வச்சது சிவப்புப் போர்வை மேல. படம் முழுக்கச் சிவப்பா இருக்கேன்னு போன் தானாவே நிறத்தைச் சரிபண்ணி, வயித்துச் சிவப்பையும் சேர்த்து மழுப்பிடுச்சு! வேற யாராவது இதை உருப்படியா அளந்திருக்கீங்களா?

கிளினிக் நர்ஸ்:

உங்க வீட்டுச் சண்டை எங்க கிளினிக்லயும் நடக்கும்மா. தோல் அலர்ஜி நாய்களுக்கு 'கேடெசி'ன்னு ஒரு மதிப்பெண் முறை இருக்கு. 2014-ல வந்த நாலாவது பதிப்புல உடம்பில் 20 இடம் பார்க்கணும். ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு, தோல் தடிச்சது, சொறிஞ்ச புண்ணும் முடி உதிர்வும்னு மூணு விஷயத்துக்கு 0 முதல் 3 வரை மார்க். எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 180. இதுக்கு முந்தின பதிப்புல 62 இடம், மொத்தம் 1240. அதைப் போட்டு முடிக்கிறதுக்குள்ள நாய் தூங்கிடும், இல்லேன்னா கடிச்சிடும்.

ஒருநாள் நானும் கூட வேலை பார்க்கிறவரும் ஒரே நாய்க்குத் தனித்தனியா போட்டுப் பார்த்தோம். அக்குளுக்கு நான் 2, அவர் 1. லேசான சிவப்புக்கும் நடுத்தரச் சிவப்புக்கும் நடுவுல கோடு எங்கே இருக்கு? அவரவர் கண்ணுலதான். அன்னையிலிருந்து ஒரு நாய்க்கு முதல்ல யார் மார்க் போட்டாங்களோ, கடைசி வரைக்கும் அவங்களேதான் போடறது.

இன்னொண்ணு, இது முக்கியம். வயித்துல சிவப்புப் புள்ளியோட ஒரு நாய் வந்தது. அலர்ஜின்னு நான் சீட்டுல எழுதியே வச்சுட்டேன். டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டை எடுத்துப் புள்ளி மேல வச்சு அழுத்தினார். ரத்தக்குழாய் விரிஞ்சதால வந்த சிவப்புன்னா அழுத்தினதும் வெளுக்கும். இது வெளுக்கவே இல்ல, கண்ணாடிக்கு அடியில அதே சிவப்பு. தோலுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. உடனே ரத்தப் பரிசோதனை பண்ணினாங்க, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் ரொம்பக் குறைவு. நான் மார்க் போட்டிருந்தா அதுக்கு 2 கிடைச்சிருக்கும், அவ்வளவுதான். அதனால எவ்வளவு சிவப்புன்னு கேட்கிறதுக்கு முன்னாடி என்ன சிவப்புன்னு பார்த்துடுங்க.

லேப் பையன்:

என் ஆராய்ச்சிக்கு நிறமானிக் கருவியே கொடுத்தார்கள். இனி சண்டைக்கு இடமில்லை என்று நினைத்தேன்.

கருவி நிறத்தை மூன்று எண்ணாகத் தரும், எல், ஏ, பி என்று. 1976-ல் உலக அளவில் வகுத்த முறை அது. சிவப்புக்கு நாம் பார்க்க வேண்டியது 'ஏ'. கூட்டல் பக்கம் ஏறினால் சிவப்பு, கழித்தல் பக்கம் போனால் பச்சை. இன்னொரு வகைக் கருவி பச்சை ஒளியையும் சிவப்பு ஒளியையும் தோலில் அடித்து, திரும்பி வருவதை ஒப்பிடும். ஹீமோகுளோபின் பச்சையை நிறைய விழுங்கும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. தோலுக்கு ரத்தம் அதிகமாக வரும்போது பச்சை குறைவாகத் திரும்பும்.

கேட்க நன்றாக இருக்கிறதா? முதல் வாரமே ஒரு பீகிளின் தொடையிடுக்கில் ஒரே இடத்தில் மூன்று முறை அளந்தேன். மூன்றும் இறங்குமுகம். கருவி பழுது என்று புகார் எழுத உட்கார்ந்தபோதுதான் தோலில் ஒரு வெள்ளை வளையம் கண்ணில் பட்டது, கருவி முனையின் அச்சு. நாய் நெளிய நெளிய நான் இன்னும் அழுத்திப் பிடித்திருக்கிறேன். மேலே சொன்ன கண்ணாடிச் சோதனையை என்னை அறியாமல் நானே செய்து, ரத்தத்தைப் பிதுக்கி வெளியேற்றி, "சிவப்பு குறைந்தது" என்று எழுதிக்கொண்டிருந்தேன்!

பிறகு பாடங்கள் வரிசையாக வந்தன. மாடி ஏறி ஓடி வந்த நாயை உடனே அளக்கக் கூடாது. முடி அடர்ந்த இடத்தில் கருவி முடியைத்தான் அளக்கும். மழித்துவிட்டு மறுநாள் அளந்தால் கத்தி பட்ட எரிச்சலும் எண்ணில் ஏறிக்கொள்ளும். கடைசியில் தொடையிடுக்கு, காது மடலின் உள்பக்கம் என்று முடி குறைந்த இடங்களோடு நிறுத்திக்கொண்டேன். நாய் சும்மா படுத்திருக்கும்போது, முனை தோலைத் தொட்டும் தொடாமலும், மூன்று அளவு எடுத்து சராசரி.

கருப்பி வீட்டுக்காரர்:

எங்க கருப்பிக்குத் தோலும் கருப்பு. சிவப்பு இருந்தாலும் யாருக்குத் தெரியும்? ஒரு வருஷம் அடிவயிறு "சிவப்பே இல்ல"ன்னு நிம்மதியா இருந்தோம். தொட்டுப் பார்த்தா சூடு, தோல் யானைத்தோல் மாதிரி தடிச்சுப் போச்சு. நாள்பட்ட அழற்சியில தோல் இன்னும் கருக்குமாம். கருமை ஏறினதைத்தான் குணம்னு எண்ணியிருக்கோம். இப்போ நான் கண்ணை நம்புறதில்ல, உள்ளங்கைதான். அதோட ஒரு மணி நேரத்துல எத்தனை தடவை சொறியுதுன்னு எண்ணி எழுதறேன்.

லேப் பையன்:

உண்மைதான் ஐயா. தோலுக்குக் கருமை தரும் மெலனின் அதிகமாக இருந்தால் கருவியும் தடுமாறும், மெலனினும் பச்சை ஒளியை விழுங்குமே. வெவ்வேறு நிற நாய்களை ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். அந்த நாயை அந்த நாயோடு மட்டும்தான்.

ஜிம்மியோட அம்மா:

எல்லாருக்கும் நன்றி. கருவிக்கெல்லாம் நான் எங்கே போக? ஜன்னல் பக்கத்துல ஒரே இடம், காலைல ஒரே நேரம், வெள்ளை விரிப்பு, பக்கத்துல ஒரு சாம்பல் நிற அட்டை. அட்டை எல்லாப் படத்துலயும் ஒரே நிறமா தெரிஞ்சா மட்டும்தான் படத்தைக் கணக்குல எடுக்கிறேன். பன்னிரண்டு நாள் படத்தை வரிசையா வச்சு நேத்து ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அக்குள் நிஜமாவே தெளிஞ்சிருக்கு. தொடையிடுக்கு துளிகூட மாறலை. அவர் தினமும் தடவிக் கொடுக்கிறது அக்குள் பக்கம். நான் மருந்து போடறது தொடையிடுக்குல. ஆளுக்கொரு இடத்தைப் பார்த்துட்டுத்தான் சண்டை போட்டிருக்கோம்.

கண்ணாடி டம்ளரை வச்சு அங்கே அழுத்தியும் பார்த்தேன் நர்ஸம்மா. வெளுத்தது. அடுத்த வேலையா டம்ளரை அவன் நக்கிட்டான்.