புதுப்பிப்பு: 3,200 ஸ்டால் டார்க் கன்வர்ட்டரைக் கைவிட்டு 2,600-ஐப் பொருத்தினேன்

கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளை இயக்கும் தண்டு) மாற்றிய என் பழைய ஆட்டோ கியர் காருக்கு 3,200 ஆர்பிஎம் ஸ்டால் கொண்ட டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் விசையைத் திரவத்தின் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் பாகம்) பொருந்துமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ஸ்டால் என்பது கார் நகராதபடி பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது எஞ்சின் எட்டும் உச்சச் சுழற்சி வேகம். அது மிக அதிகம் என்று பலரும் எச்சரித்தபடியே, இறுதியில் 2,600-ஐத் தேர்ந்தெடுத்தேன்.

ஸ்டால் எண் கன்வர்ட்டருக்கு மட்டும் உரியதன்று என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்: அதே கன்வர்ட்டர் முறுக்குவிசை மிகுந்த எஞ்சினுக்குப் பின்னால் இன்னும் உயர்ந்த ஆர்பிஎம்மிலும், வலு குறைந்த எஞ்சினுக்குப் பின்னால் தாழ்ந்த ஆர்பிஎம்மிலும் ஸ்டால் ஆகும். என் எஞ்சினில் இழுவை 2,400-ஐ ஒட்டித்தான் எழுகிறது. அதைவிட மிக உயர்ந்த ஸ்டால் எனக்கு வெப்பத்தை மட்டுமே கூட்டியிருக்கும்.

சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது, கன்வர்ட்டரை வழுக்கலின்றி நேரடியாகப் பிணைக்கும் லாக்கப் கிளட்ச் பிடிப்பதில்லை; கன்வர்ட்டரின் வழுக்கல் முழுவதும் கியர் ஆயிலில் வெப்பமாக இறங்குகிறது. நம் ஊர் வெயிலில் இது சிறிய விஷயமன்று. ஆகவே தனி ஆயில் கூலரும் வெப்பமானியும் சேர்த்தேன். செலவில் எனக்குச் சற்றும் வருத்தம் தராத பகுதி இதுதான். வேகம் சீரானதும் லாக்கப் பிடித்துக்கொள்வதால், மணிக்கு 90 கிலோமீட்டரில் வழுக்கல் தெரியவில்லை.

இத்தகைய மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டுமா என்று கேட்டவருக்கு: பட்டறைக்குச் செல்லுமுன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் விசாரித்துவிடுங்கள்.