பகிர்வு யூனிக்ஸ் கணினியில் ஆர் மென்பொருளைப் புதுப்பித்தல்

கேள்வி:
வணக்கம். கொழும்பில் எமது ஆய்வுகூடத்தின் பகிர்வு யூனிக்ஸ் கணினியில் புள்ளியியல் கணிப்புக்கான ஆர் (R) மென்பொருளின் 3.6 பதிப்பு இயங்குகிறது. ஆய்வேடு எழுதும் மாணவர்களின் வேலை குழம்பாமல் 4.0க்கு எவ்வாறு மாறலாம்?

மறுமொழி 1:
பழையதை அழிக்க வேண்டாம். மூலநிரலைத் தொகுக்கும்போது பதிப்பெண்ணைத் தாங்கிய தனி அடைவொன்றை நிறுவுமிடமாகக் கொடுத்தால், இரண்டும் அருகருகே இருக்கும்; எதைப் பயன்படுத்துவது என்பதை ஒவ்வொருவரும் தத்தம் பாத் (PATH) மாறியில், அதாவது கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது எனக் கணினிக்குச் சொல்லும் அமைப்பில், தீர்மானிக்கலாம். பழைய பதிப்பில் நிறுவிய பொதிகள் (ஆருக்கான கூடுதல் நிரல் தொகுப்புகள்) புதிய பதிப்பில் இயங்கமாட்டா. அவற்றை வேறொரு நூலக அடைவில் மீள நிறுவுங்கள்.

மறுமொழி 2:
அண்ணர் கூறியது சரி. ஆனால் எனக்கு நிறுவலைவிட விடைகளே கவலை. 2020இல் வெளிவந்த 4.0.0 முதல் தரவுச்சட்டகத்தில் (அட்டவணை வடிவத் தரவில்) எழுத்துச்சரங்கள் தாமாகக் காரணிகளாக (வகைகளைக் குறிக்கும் மாறிகளாக) மாற்றப்படுவதில்லை என்பதால், பழைய நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாமலே வேறு விடை தரக்கூடும். ஒரே தரவை இரு பதிப்பிலும் ஓட்டி ஒப்பிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆய்வேடுகள் கையளிக்கப்படும்வரை 3.6ஐயே இயல்பு நிலையில் வைத்திருக்கிறேன்.