ஜீபான் இணைப்பில் அப்லோடு ஓடும்போது குரல் அழைப்பு மட்டும் திணறுவது ஏன்?

இழைக்காரன் (கேள்வி):
எங்கள் பக்கத்து மையக் கருவியான ஓஎல்டியின் ஒரு போர்ட்டிலிருந்து, ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வழியாக 32 வீடுகளுக்கு ஜீபான் (ஒரே ஒளியிழையைப் பல வீடுகள் பகிரும்) இணைப்பு கொடுத்திருக்கிறோம். உச்ச நேரத்திலும் அந்தப் போர்ட்டின் அப்லோடு பாதியைத் தாண்டுவதில்லை. ஆயினும் ஒரு வீட்டில் கேமராப் பதிவுகள் கிளவுடுக்கு ஏறத் தொடங்கினால், அதே வீட்டின் தொலைபேசியில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது; பக்கத்து வீட்டில் எந்தத் தொல்லையும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள ஓஎன்யூ பெட்டிக்கு 20 எம்பிபிஎஸ் வரம்புடன் வகை 4 டி-கான்ட் (அப்லோடு பங்கு ஒதுக்கப்படும் அலகு; வகை 4 என்றால் மிச்சமிருப்பது மட்டுமே கிடைக்கும்) ஒன்று மட்டுமே உள்ளது. குரலுக்கு, எப்போதும் நிலையான பங்கை ஒதுக்கிவைக்கும் வகை 1 கொடுத்தால் பேசாத நேரத்தில் பேண்ட்வித் வீணாகுமே என்று தயங்குகிறேன்.

வரிசைக்கிரமம்:
பக்கத்து வீடு பாதிக்கப்படவில்லை என்பதிலேயே விடை இருக்கிறது. நெரிசல் பொது இழையில் இல்லை. அந்த வீட்டு ஓஎன்யூவின் வரிசையில்தான் இருக்கிறது. அதன் பஃபரில் 10 லட்சம் பைட் கேமராத் தரவு தேங்கியிருந்தால், 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது வடிய 400 மில்லி நொடி ஆகும், பின்னால் வந்த குரல் பாக்கெட்டும் அவ்வளவு நேரம் காத்திருக்கும். ஓஎல்டி எந்த டி-கான்டுக்கு எவ்வளவு என்று மட்டுமே பங்கிடுகிறது. ஒரே டி-கான்டில், ஒரே வரிசையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் எது அவசரம் என்று அதற்குத் தெரிய வழியில்லை.

வீணாகும் என்ற கவலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் அழைப்பு ஒன்றுக்கு ஈதர்நெட் தலைப்புகளோடு சேர்த்து ஏறத்தாழ 87 கேபிபிஎஸ் போதும். தாராளமாக வீட்டுக்கு 512 கேபிபிஎஸ் நிலையாக ஒதுக்கினாலும் 32 வீடுகளுக்கு 16.4 எம்பிபிஎஸ்தான்; 1,244 எம்பிபிஎஸ் கொண்ட அப்லோடு திசையில் அது ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு.

நேரத்துளி:
முதல் பகுதியை ஏற்கிறேன். வகை 1 தேவை என்பதை ஏற்கவில்லை. 20 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பும் குரலுக்கு, கேட்கும்போது உறுதியாகக் கிடைக்கும் வகை 2 போதும். கேட்காதபோது அந்தப் பங்கு பிறருக்குப் போகும். ஓஎன்யூ தன் தேக்கத்தை அறிவித்து, அனுமதி திரும்பி வர ஆகும் ஓரிரு மில்லி நொடியைக் காது உணராது.

அந்தச் சிறு தாமதத்தைக்கூடப் பொறுக்காதது 5ஜி ஃபிரண்ட்ஹால், அதாவது கோபுர ஆன்டெனாப் பகுதியை அடிநிலையத்தோடு சேர்க்கும் இணைப்பு. அதில் ஒரு திசைக்கு 100 மைக்ரோ நொடியே வரம்பு என்று வைத்துக்கொண்டால், 20 கிலோமீட்டர் இழையில் ஒளியின் பயணமே அதை விழுங்கிவிடும். ஆகவே தூரத்தைக் குறைப்பதோடு, அறிக்கைக்குக் காத்திராமல், எந்தக் கைபேசி எப்போது அனுப்பும் என்று முன்பே அறிந்திருக்கும் அடிநிலையத் திட்டமிடுபொறியிடமிருந்து ஓஎல்டி தகவல் பெறும் கூட்டு முறையை அங்கே நாடுகிறார்கள். புதிய ஓஎன்யூவைச் சேர்க்க இழையை ஏறத்தாழ 250 மைக்ரோ நொடி அமைதியாக வைப்பதுகூட அங்கே சிக்கல்தான். உங்கள் தொலைபேசிக்கு இவை எதுவும் பொருட்டல்ல.

இழைக்காரன்:
இருவருக்கும் நன்றி. குரலுக்கு வகை 2 டி-கான்ட் ஒன்று தனியாக அமைத்தேன். முதல் நாள் எந்த மாற்றமும் இல்லை. தொலைபேசி அடாப்டர் தன் பாக்கெட்டுகளில் முன்னுரிமைக் குறியே இடாததால், அவை பழைய டி-கான்டுக்குச் செல்லும் ஜெம் போர்ட் என்ற தடத்திலேயே போய்க்கொண்டிருந்தன. குறி 5 என்று இட்ட பிறகு, நேற்றிரவு கேமரா அப்லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டுக்காரருடன் கால் மணி நேரம் தடையின்றிப் பேசினேன்.