அமீதா ஜெபத்தில் ஆடுவது சரியா?

கோடைமழை:
ஜெருசலேம் மேற்குச் சுவர் காணொளிகளில் ஜெபிப்பவர்கள் பலரும் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் யூதர்களின் அன்றாட ஜெபத்தில் முக்கியமான அமீதாவை இரு பாதங்களையும் ஒட்டி வைத்து நின்று சொல்ல வேண்டும். எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட ஜீவன்களின் நேரான கால்களைக் காட்டி, ரபிகளின் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூத் இதைச் சொல்கிறது. வேதாகமத்தில் பிள்ளை வரம் கேட்டு ஜெபித்த அன்னாளைப் போல உதடு அசையலாம், சத்தம் வரக்கூடாது. இவ்வளவு அடக்கம் கேட்கிற ஜெபத்தில் ஆட்டம் எதற்கு?

நெய்தல்காரன்:
"என் எலும்புகளெல்லாம் சொல்லும்" என்கிறது சங்கீதம் 35:10. 16ஆம் நூற்றாண்டில் போலந்து ரபி (யூத மத அறிஞர்) மோசே இஸ்ஸர்லஸ் இந்த வசனத்தைக் காட்டித்தான், கவனமானவர்கள் ஜெபத்தில் அசைவது வழக்கம் என்று எழுதினார். சட்ட நூலிலேயே இருக்கிறது நண்பரே, யாரோ கிளப்பிவிட்ட ஃபேஷன் இல்லை.

கோடைமழை:
வழக்கம் என்றுதானே எழுதினார், கட்டளை என்று இல்லையே. அடுத்த தலைமுறையில் ரபி ஏசாயா ஹோரோவிட்ஸ், அசையாமல் நிற்பதுதான் மனதை ஒருமுகப்படுத்தும் என்றார். அமீதா பல ஆசீர்வாதங்களின் வரிசை; அதில் குனிவதற்கே அளவு உண்டு: முதல் ஆசீர்வாதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், நன்றி ஆசீர்வாதத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், மொத்தம் 4 முறை. ஒவ்வொரு ஆசீர்வாதத்துக்கும் ஒருவர் குனியப் போனால், வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்கச் சொல்கிறது தல்மூத். இதில் ஜெபம் முழுக்க ஆடுவது எங்கே பொருந்தும்?

நெய்தல்காரன்:
அதே தல்மூத்தில் ரபி அக்கிவாவையும் படியுங்கள். ஜெபம் தொடங்கும்போது ஒரு மூலையில் விட்டுப் போனால், முடியும்போது வேறொரு மூலையில் இருப்பாராம். அத்தனை முறை குனிந்தும் விழுந்தும் வணங்குவாராம்.

கோடைமழை:
தனியாக ஜெபிக்கும்போது மட்டும்! சபையோடு இருந்தால் யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று சுருக்கிக்கொள்வார். பாதியை விட்டுவிட்டீர்களே.

வாசற்படி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தத் தகராறு புதிதில்லை. 13ஆம் நூற்றாண்டு எகிப்தில், புகழ்பெற்ற யூதச் சட்ட அறிஞர் மைமோனிதஸின் மகன் ஆபிரகாம், அன்றாட ஜெபத்தில் மண்டியிடுவதையும் தரையில் விழுந்து வணங்குவதையும் கொண்டுவரப் பார்த்தார். பழைய யூத முறைதான் என்பது அவர் வாதம். எதிர்த்தவர்கள் சுல்தான் வரை புகார் கொண்டுபோனார்கள். அப்புறம், ஆட்டத்துக்கு, கவிஞரும் சிந்தனையாளருமான யூதா ஹலேவி 12ஆம் நூற்றாண்டிலேயே சாதாரணக் காரணம் சொன்னார்: ஒரே புத்தகத்தைப் பலர் சுற்றி நின்று, மாறி மாறிக் குனிந்து படித்ததில் வந்த பழக்கமாம்.

நெய்தல்காரன்:
அவர் சொன்னது வேதம் படிக்கும்போது ஆடுவதைப் பற்றி. ஜெபத்துக்கு அதை இழுக்காதீர்கள்.

வாசற்படி:
சரி, ஆனால் படிக்கும்போது பழகின உடம்பு ஜெபத்தில் மட்டும் சும்மா இருக்குமா?

கோடைமழை:
இருக்கப் பழக்க வேண்டும். அரசனே வந்து நலம் விசாரித்தாலும் பதில் சொல்லாதே, காலைப் பாம்பு சுற்றினாலும் நிறுத்தாதே என்கிறது தல்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா.

நெய்தல்காரன்:
அது ஜெபத்தை இடையில் நிறுத்தக்கூடாது என்ற சட்டம். ஆடுகிறவர் எங்கே நிறுத்தினார்?