கண்டியிலுள்ள இந்தியத் தூதரக அலுவலகம் இந்திய மண்ணா?

கூடலூர்வாசி:
1970களின் பிற்பகுதியில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி இங்கே டேன்டீ (தமிழக அரசுத் தேயிலை) தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என் தாத்தா. கண்டியில் பாஸ்போர்ட்டுக்காக வரிசையில் நின்ற கதையைச் சொல்லும்போதெல்லாம், "கேட்டைத் தாண்டினால் இந்தியா, சிலோன் போலீசு உள்ளே கால் வைக்க முடியாது" என்பார். ஆனால் லண்டனில் ஈக்வடோர் தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்த விக்கிலீக்ஸ் நிறுவனர் அசாஞ்சைப் போலீசார் தூக்கிச் சென்றார்களே! தாத்தா சொன்னது தவறா?

குன்னூர் வக்கீல்:
தாத்தா சொன்னதில் பின்பாதி சரி, முன்பாதி சரியல்ல. தூதரகம் நிற்கும் நிலம் அந்தந்த நாட்டுக்கே உரியது. அதற்குள் ஒரு குற்றம் நடந்தால் அது அந்த நாட்டில் நடந்த குற்றமே. ஆயினும் தூதரின் சம்மதமின்றி உள்ளூர் அதிகாரிகள் அதற்குள் நுழையக்கூடாது என்று தூதரகங்களுக்கான 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 22ஆவது பிரிவு தடுக்கிறது. அசாஞ்ச் 2012 ஜூனில் உள்ளே போனார். 2019 ஏப்ரலில் ஈக்வடோரே புகலிடத்தை விலக்கிக்கொண்டு அழைத்த பிறகுதான் போலீசார் படியேறினார்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
இதில் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே இருப்பவரைப் பிடிக்க முடியாது என்பதால் அவர் வெளியேறிவிட முடியும் என்று பொருளல்ல. பெரு நாட்டின் அரசியல் தலைவர் ஹாயா தெ லா தோர்ரே 1949இல் லிமாவிலுள்ள கொலம்பியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். அவரைப் பத்திரமாக வெளியே அனுப்பும் கடமை பெருவுக்கு இல்லை என்று 1950இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்படைக்கும் கடமை கொலம்பியாவுக்கும் இல்லை என்று மறு ஆண்டே சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் தலை சுற்றும். மனிதர் 1954 வரை அங்கேயே கிடந்தார். மாறாக, 1967 மார்ச்சில் டெல்லி அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்த ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா அன்றிரவே ரோமுக்கு விமானம் ஏறினார். கையில் பாஸ்போர்ட் இருந்தது, நம் அரசுக்கோ விஷயமே தெரியாது.

கூடலூர்வாசி:
மிக்க நன்றி அம்மா, ஐயா. ஒரு சின்னச் சந்தேகம்: உள்ளே தீப்பிடித்தால்கூடத் தீயணைப்பு வண்டி வாசலில்தான் நிற்க வேண்டுமா?

குன்னூர் வக்கீல்:
1961 உடன்படிக்கை தீ விபத்துக்குக்கூட விலக்கு அளிக்கவில்லை; அழைக்க வேண்டும். ஆனால் துணைத் தூதரகங்களுக்கான 1963 உடன்படிக்கையில், தீ போன்ற ஆபத்தில் சம்மதம் கிடைத்ததாகவே கொள்ளலாம். தலைநகருக்கு வெளியே இருக்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். ஆகவே தாத்தாவிடம், போலீசு வராது, தீயணைப்புக்காரர் வரலாம் என்று சொல்லுங்கள்.