பரவிய மார்பகப் புற்றுநோய்: இரண்டு கீமோ சேர்த்துக் கொடுக்காதது ஏன்?

கேள்வி:
அம்மாவுக்கு டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் மருந்தோ ஹெர்2 மருந்தோ பலிக்காத வகை) மார்பகப் புற்றுநோய், எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. டாக்டர் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை மட்டும் வாராவாரம் போடலாம் என்கிறார். சித்தியோ, இரண்டு மருந்து சேர்த்தால்தானே வேகமாகக் கேட்கும், வயதைப் பார்த்துக் கைவிட்டுவிட்டார்களா என்று கேட்கிறார். எனக்கும் குழப்பம்தான்.

பதில் 1:
கைவிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சேர்த்துக் கொடுத்தால் கட்டி சுருங்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் அதனாலேயே ஆயுள் கூடிவிடாது. 2003-ல் வெளிவந்த ஈ1193 என்ற ஆய்வில் டாக்ஸோரூபிசின் என்ற இன்னொரு கீமோவும் பாக்லிடாக்சலும் சேர்த்துப் பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, டாக்ஸோரூபிசின் மட்டும் பெற்றவர்களில் 36, பாக்லிடாக்சல் மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதம். தனியாகப் பெற்றவர்கள் ஒரு மருந்து பலிக்காமல் போனதும் அடுத்ததற்கு மாற்றிக்கொண்டார்கள், கடைசியில் உயிர்வாழ்ந்த காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பது இப்போது வழக்கம். கல்லீரல் வேகமாகக் கெடுகிறது, நுரையீரலில் பரவி மூச்சு வாங்குகிறது என்றால் கதை வேறு, காத்திருக்க நேரமில்லாததால் அப்போது சேர்த்துக் கொடுப்பார்கள். அம்மாவின் பிலிருபின் (கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எவ்வளவு?

பதில் 2:
ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிட முடியாதுங்க. டோசிடாக்சல் என்ற கீமோவோடு கேப்சிடபின் என்ற கீமோவையும் சேர்த்த 2002 ஆய்வில் உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 11.5 மாதத்திலிருந்து 14.5 ஆனது.

பதில் 1:
ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் அதில் டோசிடாக்சல் மட்டும் பெற்றவர்களில் பின்னால் கேப்சிடபின் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அப்புறம் எப்படி நேர்மையாக ஒப்பிடுவது? சேர்த்துப் பெற்றவர்களுக்கு வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, உள்ளங்கை உள்ளங்கால் தோல் உரிதல் எல்லாம் அதிகம். சிகிச்சை நீளும்போது இதுதான் ஆளைச் சோர்வடைய வைத்துவிடும்.

பதில் 3:
நானும் பாக்லிடாக்சல் போட்டுக்கொண்டவள் தம்பி. விரல் மரத்துப்போனால் உடனே சொல்லச் சொல்லுங்கள், நாள்பட்டால் சரியாவது கஷ்டம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால் ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இன்னொன்று, பிடி-எல்1 (கட்டியில் பார்க்கும் ஒரு புரதம்), பிஆர்சிஏ (பரம்பரை மரபணு) பரிசோதனைகள் செய்தார்களா? பிடி-எல்1 போதிய அளவில் இருந்தால் கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்க்கலாம், டிரிபிள் நெகட்டிவில் எதைச் சேர்ப்பது என்று யோசிப்பதாக இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

கேள்வி கேட்டவர்:
பிலிருபின் நார்மல், மூச்சுத்திணறலும் இல்லை. பிஆர்சிஏ-வுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம், பிடி-எல்1 பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் டோஸுக்கு முன்பே கேட்டுவிடுகிறேன், நன்றி அக்கா.