பார்ஸ்னிப்: பிரிந்து வளரும் வேருக்கு ‘கவைவேர்’

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டச் சொற்பட்டியலில், பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெளிர்நிற வேர்க்காய்கறி) வேர் கீழே பிரிந்துபோகும் குறைக்கு ‘கிளைவேர்’, ‘பிளவுவேர்’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ‘கவைவேர்’ என்று வைக்கலாம்.

ஆணிவேரின் பக்கத்தில் கிளம்பும் வேர்களுக்குக் கிளைவேர் என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. அது நல்ல செடியிலும் உண்டு, குறையே இல்லை. நாம் சொல்ல வருவது வேறு. ஆணிவேரின் நுனி கல்லில் முட்டினாலோ, நாற்றைப் பிடுங்கி நடும்போது அறுந்தாலோ, பக்கத்து வேர்கள் அதன் இடத்தைப் பிடித்துப் பருத்துவிடும். தோண்டிப் பார்த்தால் மேலே ஒரே கழுத்து, கீழே இரண்டு மூன்று கால்கள். இடுக்கெல்லாம் மண் அப்பியிருக்கும், தோல் சீவுவது பெரும்பாடு.

பிளவு என்பது வேர் நீளவாக்கில் வெடிப்பது. காய்ந்து கிடந்த பாத்தியில் திடீரென்று நிறைய தண்ணீர் பாய்ந்தால் அப்படி ஆகும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், படிப்பவர் தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டிருப்பார். கல் மண்ணிலேயே கிடக்கும்.

கவை என்றால் இரண்டாகப் பிரிந்த கொம்பு; கவட்டை தெரிந்தவர்களுக்கு விளங்கும். கிளைவிடும் என்பதுபோல ‘கவைவிடும்’ என்று வினையும் கிடைக்கிறது. மூன்றாகப் பிரிந்தாலும் இந்தச் சொல் தாங்கும் என்றே நினைக்கிறேன்.

பட்டியலில் விளக்கமும் சேர வேண்டும். விதை முளைக்க 2 முதல் 4 வாரம் ஆவதால் பலருக்கும் தட்டில் நாற்று விட்டு நடத் தோன்றும். அங்கேதான் வேர் கவைவிடுகிறது. எனவே இப்படி எழுதலாம்: ‘கவைவேரைத் தவிர்க்க, விதையை நேரடியாகப் பாத்தியில் ஊன்றவும். புதுச் சாணம் போட்ட மண் வேண்டாம். கல் நிறைந்த மண்ணானால், கடப்பாரையால் ஆழமாகக் கூம்புக்குழி போட்டு, சலித்த மண்ணை நிரப்பி, குழிக்கு இரண்டு மூன்று விதை போட்டு, முளைத்ததும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கலைத்துவிடவும்.’

அப்புறம், பயிரின் பெயர். ‘வெள்ளை முள்ளங்கி’ வேண்டவே வேண்டாம். முள்ளங்கி கடுகுக் குடும்பம். பார்ஸ்னிப்போ கேரட், கொத்தமல்லியின் குடும்பம். பார்ஸ்னிப் என்றே இருக்கட்டும்.

கேரட்டுக்கும் முள்ளங்கிக்கும் இதே குறை வருவதால், ‘கவைவேர்’ என்பதைப் பொதுச்சொல்லாகவே பட்டியலில் ஏற்றலாமா?